கைதட்ட இடமில்லாத ஆட்டம்

அந்த ஆட்டத்தில் பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடிப்பதில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, அவளுக்கு அடுத்தவளின் கையைப் பிடிக்க வேண்டும். என் இடப்பக்கம் தீதி. அவளுக்கு அந்தப் பக்கம் என் அம்மா. ஆகவே தீதியின் முதுகுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாமல், அம்மாவின் கையும் என் கையும் கோர்த்திருக்கும்.

தீதி என்றால் அக்கா. பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்தெடுக்க ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் பெண்களில் அவள்தான் மூத்தவள். மேல் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தீதி. சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குத் தமிழ்ப் பெண்களும் அவர்களும் சேர்ந்து ஆட வேண்டும் என்று பாஸ்டரம்மா சொல்லிவிட்டார். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள், எண்ணத் தெரிந்தவள் என்று அடவைப் பிரித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

அந்த மாதக் கடைசியோடு அம்மாவுக்கு வயது நிறைந்து வேலை முடிகிறது. முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதே வீட்டிலிருந்து இன்னொரு ஆள் பேர் பதிந்தால் வீடு நிற்கும். அப்பா இல்லை, அந்த இன்னொரு ஆள் நான் ஒருத்திதான். ஃபேக்டரியில் இடமில்லை, காட்டு வேலைதான், அதாவது கொழுந்து. பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமைக்குள் பேர் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அவர்களும் அதே திங்கட்கிழமைதான் கேட்டிருந்தார்கள். அம்மா இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். எனக்குத் தெரிந்த தாளங்களையும் அப்படிப் பார்த்தேன். ஒன்று, சர்ச் கீபோர்டில் பட்டனை அழுத்தினால் வருவது. பாடுகிறவர்கள் மூச்சு வாங்கினாலும் அது காத்திராது. இரண்டு, கீழ் லைன் மாரியம்மன் கோயில் தப்பு மேளம். எங்கள் மேட்டிலிருந்து பார்த்தால் குச்சி விழுந்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். மூன்று, டவுன் கோயில் உற்சவத்துச் செண்டை மேளம். ஆற அமரத் தொடங்கி, சுற்றைக் குறுக்கிக் குறுக்கி வேகம் ஏறும். நான்கு, கும்மி. ஐந்து, அம்மாவின் கத்திரி. இப்போது கொழுந்தை யாரும் விரலால் கிள்ளுவதில்லை. இரண்டு கையும் விரிந்து சேர, விரிந்து சேர, நாள் முழுக்கக் கத்திரிதான்.

இந்த ஐந்திலும் ஒன்று இன்னொன்றின் மேல் அடித்தால்தான் தாளம். தீதியின் ஆட்டத்தில் ஆடுகிறவளின் கை எதையும் அடிப்பதில்லை. மாந்தர் என்று ஒரு நீள மத்தளத்தை அவர்களில் ஒருவர் ஓரமாக நின்று வாசிப்பார், அவ்வளவுதான். முழங்கால் மடங்கும்போது பக்கத்தில் இருப்பவளின் எடை தோளில் இறங்கும். அடுத்த அடி எப்போது என்று அதுதான் சொல்லும்.

எஸ்டேட் குழந்தைக் காப்பக ஹாலில் சனிக்கிழமை மத்தியானங்களில் பழகினோம். முன்னால் மூன்று, மடக்கு, பின்னால் ஒன்று, மடக்கு. கால் சீக்கிரம் வந்துவிட்டது. கைதான் அடங்கவில்லை. பாட்டில் ஓர் அடி முடிந்தாலே எங்கள் ஆட்கள் கையை உருவிக் கும்மிக்குத் தட்டுவது போலத் தட்டிவிடுவார்கள். வரிசை பிய்ந்துவிடும்.

"ஏட்டி, கையக் கட்டிப் போட்டுட்டு ஆடச் சொன்னா நாங்க என்ன செய்யதுக்கு?" என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மா. "ஜெயில்லகூட சாப்பாட்டு நேரத்துக்கு அவுத்து விடுவாங்க."

தீதிக்கு எங்கள் லைன் தமிழ் நன்றாகவே வரும். "பெரியம்மா, ஆடி முடிச்சுட்டுத் தட்டு. யாரு வேண்டாங்கா?"

"முடிஞ்ச பொறவு ஊரே தட்டும். அதுக்கு நான் எதுக்குட்டி?"

சிரிப்பில் வரிசை மறுபடியும் பிய்ந்தது.

கடைசியாகப் பழகிய அன்று ஜன்னல் திண்டில் வைத்திருந்த என் போன் அதிர ஆரம்பித்தது. கோயம்புத்தூர் நம்பர். ஒரு கை தீதியின் முதுகுக்குப் பின்னால், இன்னொரு கை பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால். வரிசை என்னை ஜன்னலை நோக்கிக் கொண்டுபோனது, மடங்கியது, திருப்பிக் கொண்டுவந்தது. போன் திண்டின் ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து நின்றுபோனது.

"யாரு?" என்றாள் அம்மா, வீட்டுக்கு ஏறும்போது.

"கம்பெனி."

"ம்."

பண்டிகை அன்று ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பூசணிக்காயும் சேவலும் ஏலம் போன பிறகு, சர்ச் முற்றத்தில் ஆடினோம். முதல் பாட்டு பிசகவில்லை. இரண்டாவதில் மாந்தர் வேகம் பிடித்தது. அடி முடிந்த இடத்தில் பெரியம்மாவின் கைகள் உருவிக்கொண்டன. அம்மாவின் கையும் என் பிடியிலிருந்து போனது. டப் என்று ஒரு கைதட்டு. முற்றமே சிரித்தது. ஜார்க்கண்ட் பெண்கள் நிற்கவில்லை. இடைவெளியைக் கடந்து ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பெரியம்மாவையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அம்மாவும் நானும் மட்டும் வெளியே நின்றோம்.

மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே அம்மா சொன்னாள். "வெள்ளிக்கெழமையே ஆபீஸ்ல உன் பேரச் சொல்லிட்டேன். நாளைக்கு வந்து கையெழுத்து மட்டும் போடணுமாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா."

"கேட்டா நீ சரின்னுருவ. பொறவு உன்னக் கேட்டுக் கெடுத்தேனேன்னு காலம் பூரா எனக்கு உறுத்தும். இப்பன்னா உனக்குக் கோவம் மட்டுந்தான் இருக்கும். இருந்துட்டுப் போட்டும்."

நான் சரி சொல்லும் முடிவோடுதான் அன்று காலையில் முற்றத்துக்கு இறங்கியிருந்தேன். மலையில் ஒரு வீடு, அதில் அம்மா. கோயம்புத்தூரில் ஒரு வேலை, அதில் நான். எப்படி மாற்றிப் போட்டாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. ஆனால் நானாகச் சொல்லியிருந்தால் அது நான் கொடுத்ததாக இருந்திருக்கும். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வரிசை திரும்பி வந்துவிட்டது. "வா வா, நிக்காத" என்று தீதி முழங்கையை விரித்தாள். இரண்டு பக்கமும் நாங்கள் நுழைந்தோம். அவள் முதுகுக்குப் பின்னால் அம்மாவின் கை என் விரல்களைத் துழாவிப் பிடித்தது. பாட்டு நீளமான பாட்டு. என் கால் ஒரு இடத்திலும் தவறவில்லை.

மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். கம்பெனிக்கு வரவில்லை என்று சொன்னேன். அந்த வாரம் முழுக்க அம்மாவிடம் பேசவில்லை. அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எதிர்பார்த்த விருந்தாளி வந்து சேர்ந்ததுபோல, எனக்குத் தட்டில் சோறு வைத்துவிட்டு எதிரில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.