புகைக்குழாயில் செருகிய செவ்வந்தி

எனக்கு எண்பத்து நான்கு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் கொழுந்தனாரின் பிள்ளைகள். ஐந்துக்கும் ஒரே அடுப்புச் சோறுதான். கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அந்த அடுப்பு சில நாள் இரண்டாக இருந்த வருடம் ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தோ, எழுபத்தாறோ.

வடகரப்பதியில் எங்கள் தோட்டத்தில் மாமனார் வாங்கிய டிராக்டர் ஒன்று நின்றது. அவர் போன பிறகு இரண்டு வருடம் அதை யாரும் ஓட்டவில்லை. மழைக்கு முன் கடலைக்காட்டை உழ வேண்டும் என்று வீட்டுக்காரர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மேஸ்திரியைக் கூட்டி வந்தார். மேஸ்திரி எஞ்சின் மூடியைக் கழற்றினார். நான்கு பிஸ்டனில் ஒன்று துருவோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை.

"மேல நிக்கற புகைக்குழாய் வழியாத் தண்ணி எறங்கீருக்குதுங்க. டப்பா கவுத்து வெக்கலீங்களா?" என்றார்.

வீட்டுக்காரர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். கடைசியாக வண்டியை நிறுத்தியவர் அவர்தான்.

"ஏன்டா, அப்பன் சொத்துன்னா அத்தனை எளக்காரமா?"

"நான் கவுத்துட்டுத்தான் வந்தனுங்க அண்ணா."

"பொய் பேசாத."

கொழுந்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப என்ற பாகத்தைப் பிரிச்சுக் குடுத்துருங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

மேஸ்திரி காது கேளாதவர் போலக் குழாயைக் கழற்றிக் கல்லில் தட்டினார். துருவோடு சேர்ந்து நாரில் கட்டிய கருகல் ஒன்று, டீ கொண்டுபோன என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். செவ்வந்திப் பூ. கையை மூடிக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் குளிப்பாட்டுவது மாமனாரின் வேலை. அவருக்குப் பிறகு நான் செய்தேன். தலைக்கு ஊற்றாமல் என்ன குளியல்? துருப்பிடித்த டப்பாவை எடுத்துவிட்டு, மஞ்சள் தண்ணீரை உச்சியிலிருந்து குடம் குடமாக ஊற்றினேன். குழாய் வாயில் பூவும் செருகினேன். டப்பாவைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொண்டுபோனவள் திரும்ப வைக்கவேயில்லை. மழையும் நேராக இறங்கியிருக்கிறது.

மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து பிஸ்டன் மேல் ஊற்றி, மூன்று நாள் ஊறட்டும் என்று மேஸ்திரி போய்விட்டார். அந்த மூன்று நாளும் பூ என் மடியில் இருந்தது. என்மேல் யாரும் குற்றம் சொல்லிக் கேட்டறியாத மருமகள் நான். வாய் எழவில்லை. கொழுந்தனார் வீட்டார் வெளியே கல் கூட்டித் தனியாக அடுப்புப் பற்றவைத்தார்கள். அவர்களுடைய சின்னவன் அந்தச் சோற்றைத் தின்னாமல் தட்டோடு என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள் மேஸ்திரி வந்ததும் பூவை எஞ்சின் மேல் வைத்தேன்.

"டப்பாவை எடுத்தது நானுங்க. தண்ணி ஊத்துனதும் நான்தானுங்க. உங்க தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க."

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். "எஞ்சினுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன ஊட்டை இப்பத்தானுங்க பாக்கறேன்."

கொழுந்தனார் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியை நாங்கள் நங்கை என்போம். "ஏனுங் நங்கை, குளிப்பாட்டுனது சரி, தலையைத் தொவட்டி உட்டிருக்கலாமல்லங்க?" என்றார்.

வீட்டுக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆளில்லை. வேப்பங்கட்டையைத் தம்பியிடம் நீட்டினார். "புடிடா. நேராப் புடி."

இரும்பால் அடித்தால் பிஸ்டன் உடையும். கட்டை வைத்துத்தான் தட்ட வேண்டும். தம்பி பிடிக்க, அண்ணன் சுத்தியலால் தட்டினார். பொழுது சாயும் நேரம் பிஸ்டன் ஒரு விரல்கடை இறங்கியது. வெளியே கூட்டிய கல்லை அன்றைக்கே நான் காலால் தள்ளிவிட்டேன்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள்.

"சிரிச்சது போதும் கண்ணு. பூவை மூணு நாள் மடியில வெச்சிருந்தேன்னு சொன்னனே, அதை எழுதுனயா, அப்பத்தாளுக்குக் கொறச்சலாயிருமுன்னு உட்டுட்டயா? அந்த எடத்தைப் படி, கேக்கறேன்."