போலந்து மாலுமி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், காய்ச்சலோடு கப்பலிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அந்தப் போலந்து மாலுமிக்கு ஐம்பது வயதிருக்கும். யார் அருகில் வந்தாலும், அந்தக் காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்து சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அவர் பேச்சு யாருக்கும் விளங்காததால் முத்தியால்பேட்டையிலிருந்து என்னைக் கூட்டி வந்தார்கள். போலந்துக்கே போய் அந்த மொழியைப் படித்து முடித்தவன் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில், அங்கே போலிஷ் மட்டுமே பேச வேண்டிய மொழி வகுப்புக்கு மட்டம் போட்டு, விடுதியில் தமிழ் நண்பர்களோடு பொழுதைக் கழித்து, நான்காம் மாதமே திரும்பியவன் நான்.

“எங்க வலிக்குதுன்னு கேளுங்க தம்பி,” என்றார் நர்ஸம்மா.

கேட்டேன். மாலுமி நிறையச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“வயித்துலதான் வலியாம்,” என்றேன்.

நர்ஸம்மா வயிற்றை அழுத்தியதும் மாலுமி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நர்ஸம்மாவின் கையை மெல்ல எடுத்துத் தம் வலது விலாவில் வைத்தார். என்னைக் காட்டி, “தோப்ஷே” என்று தலையாட்டினார்.

“என்னா சொல்றாரு?”

“நல்லதுன்னு சொல்றாரு.”

“நீங்க நல்லா பேசறீங்கன்னு சொல்றாரு தம்பி!”

அவர் குணமாகிக் கப்பலேறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் பொய் அவர் உயிரையே வாங்கியிருக்கலாம். அப்படிப்பட்டவனின் மானத்தை அவர் ஏன் காத்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. நர்ஸம்மாவிடம் நான் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.