இரண்டு இதழ் பாக்கி

நம்பாதவர்கள் மலைமேல் எங்கள் ஊர் ஒண்டிக்கடைக்கு வந்து என் தையல் கடையில் கேளுங்கள். போன கார்த்திகையில் நடந்தது. கதை கட்டி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

பக்கத்து ஊர் வெள்ளக்கடையிலிருந்து தேவகுமாரி அம்மா ஒரு மெத்தை விரிப்போடு வந்தார். பச்சைத் துணி முழுக்க வெள்ளை நூலில் காப்பிப் பூக்கள். பூத்தையலை முன்பக்கம் மட்டும் பார்த்து மெச்சுகிறவள் இல்லை நான். திருப்பிப் பார்த்தேன். ஒரு முடிச்சுகூடத் துருத்தவில்லை. பொறாமையாக இருந்தது. பூவுக்கு ஐந்து இதழ். மூன்றில் தையல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, இரண்டில் இடப்பக்கம்.

"மூணு நான் போட்டது. அந்த ரெண்டு எம்மக கவிதா போட்டதுங்க. அவளுக்கு எடக்கை."

ஓரத்தில் ஒரு பூ மட்டும் மூன்று இதழோடு நின்றது. ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

"அதத் தொடாதீங்க கண்ணு. அவளே வந்து முடிப்பா. அடியில லைனிங் மட்டும் வெச்சுக் குடுங்க."

மகள் வெளியூர் போல என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு அழகான பின்பக்கத்தை எதற்கு மூட வேண்டும் என்றுதான் ஆதங்கம்.

மறுநாள் மாலை 4.10. கடைக்குள்ளேயே மூடுபனி. கரண்ட் போனது. மிஷின் நின்றது.

சர்ர்ர்... டப்.

நூல் துணிக்குள் இழுபடும் சத்தம். இருபது வருஷமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா?

சர்ர்ர்... டப்.

கடையில் நான் மட்டும்தான்.

மேஜைமேல் அந்த ஊசி... தானாக எழுந்தது.

ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு சுவரோரம் போனேன்.

யாரோ அழுதார்கள். சின்னப் பெண் குரல்.

4.26. கரண்ட் வந்தது.

ஐந்து இதழ்.

கடைசி இரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

விரிப்பைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வெள்ளக்கடைக்குப் பறந்தேன். தேவகுமாரி அம்மா பயப்படவில்லை. அந்த இரண்டு இதழ்களையும் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். பிறகு கத்திரியை எடுத்து, அவற்றைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்கம்மா, எதுக்குப் பிரிக்கறீங்க?"

"அவ செத்து ஆறு வருஷமாச்சுங்க கண்ணு. பூ முடிஞ்சுபோச்சுன்னா, அப்பறம் எதுக்கு ஊட்டுக்கு வருவா எம்புள்ள?"

நூல் போன இடத்தைத் தொட்டேன். துணி நைந்து சல்லடையாக இருந்தது. எத்தனை முறை பிரித்தாரோ. அவள் அடுத்த முறையும் தைக்கத் துணி தாங்க வேண்டுமே; லைனிங் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"அவ அழுதாளுங்கம்மா" என்றேன்.

கத்திரி நின்றது.

"தெரியுமுங்க" என்றார். மறுபடி வெட்டினார்.

கெட்டித் துணியாகப் பார்த்து லைனிங் வைத்துக் கொடுத்தேன். நான் செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.