பனிக்குள் ஒரு நரி

ஓப்பநாயக்க மலையில் பனி இறங்கிவிட்டால், கொழுந்து பறிக்கும் எங்களுக்குப் பக்கத்து நிரையே தெரியாது. குரல் மட்டும் மிதந்து வரும், தேயிலைச் செடிகளே பேசுவதுபோல. பெயர் சொல்லித் திட்ட முடியாதவர்களை அப்போது நாங்கள் மிருகமாக்கிக் கதை சொல்லுவோம்.

அன்று, பாறையில் படுத்துக்கொண்டே ஆடுகளை விரட்டும் நரியின் கதையைச் சொன்னேன். எங்களை வேலை வாங்கும் கங்காணியைத்தான் சொன்னேன். அந்த ஆள் குனிந்து நான் பார்த்ததில்லை. பனிக்குள்ளிருந்து ஒரே ஒரு சிரிப்பு எழுந்தது. கங்காணியேதான்.

“நல்லா சொன்னீங்கக்கா. தோட்டத்த நடத்துற நம்ம தொரை அப்படியே அந்த நரிதான்.”

சுற்றிலும் கொழுந்து கிள்ளும் சத்தம் வேகமானது.

கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, தோட்டத்தில் உள்ளவர்களையெல்லாம் குறை சொல்லிக் கரையும் காக்கையின் கதையைத் தொடங்கினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.