வார்னிஷுக்குள் ஒரு கட்டைவிரல்

விரல்ரேகை நிபுணர் என்று சொன்னால் எங்கள் தெருவில் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வார்கள். பாதிப் பேர் நான் ஜோசியம் பார்ப்பதாக நினைத்து உள்ளங்கையை நீட்டுவார்கள். மீதிப் பேர் டிவி சீரியல் பார்த்துக் கெட்டுப்போனவர்கள். நான் ஒரு கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உடனே குற்றவாளியின் பெயர், ஊர், ரத்த வகை எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள். நிஜத்தில் என் வேலை ஒரு பிரஷ், கொஞ்சம் கறுப்புப் பொடி, ஒரு பூதக்கண்ணாடி, நிறையக் கழுத்துவலி. கதவுகளுக்கும் பீரோக்களுக்கும் முன்னால் குனிந்தே பாதி ஆயுள் போய்விட்டது.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதம், காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வெள்ளிச் சாமான்கள் களவு போயின. அந்த வீட்டு ஆச்சி, முன்கட்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காகப் பழைய தேக்குப் பீரோ ஒன்றைப் புதிதாக வார்னிஷ் அடித்து நடுக்கூடத்தில் நிறுத்தியிருந்தார். வெள்ளி எல்லாம் அதற்குள்தான் இருந்தது. பூட்டை உடைக்கவில்லை. திறந்து எடுத்துவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பப் பூட்டிவிட்டும் போயிருந்தார்கள்.

நான் சிவகங்கையிலிருந்து பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது ஆச்சி வாசலுக்கே வந்துவிட்டார். “நல்லாப் பாருங்க. தெனம் ரெண்டு வேளை தொடைக்கிறோம். ஒரு பொட்டுத் தூசி இருக்காது. எங்க கை ரேகைகூட இருக்காது. அதுல ஒரு விரல் இருந்துச்சுன்னா அது அந்தத் திருட்டுப்பயல் விரல்தான்.”

ஒரு விரல் இருந்தது. பூட்டுக்குப் பக்கத்தில், கதவின் உள்விளிம்பில், அழகான கட்டைவிரல். குறுக்கே ஒரு தழும்புக் கோடு. ஆனால் அதில் ஏதோ சரியில்லை. பொடியைத் தூவினால் ரேகையின் மேடுகளில் ஒட்டுவதற்குப் பதில் பள்ளங்களில் போய் உட்கார்ந்தது. மெல்லத் துணியால் துடைத்தேன். பொடி போனது, ரேகை போகவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அது வார்னிஷின் மேல் பட்ட ரேகை இல்லை. வார்னிஷ் ஈரமாக இருந்தபோது அழுந்தி, அப்படியே காய்ந்து உறைந்த ரேகை. ஆச்சி தினம் இரண்டு வேளை என்ன, இருபது வேளை துடைத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் ஆளைப் பிடித்துவிட்டார். பொங்கலுக்கு முன்னால் அந்தப் பீரோவுக்கு வார்னிஷ் அடித்து, பூட்டையும் சரிசெய்து கொடுத்த ஆசாரி. ‘பூட்டை உடைக்காமல் திறக்க வேறு யாருக்குத் தெரியும்?’ என்பது இன்ஸ்பெக்டரின் தத்துவம். ஆசாரியின் விரல்களை மையில் ஒற்றி எடுத்த தாள் என்னிடம் வந்தது. கட்டைவிரலில் உளி வெட்டிய தழும்பு. ஒத்துப்போனது, சந்தேகமே இல்லை.

அப்படியே எழுதினேன். கூடவே, ரேகை வார்னிஷ் ஈரமாக இருந்தபோது பதிந்தது என்றும் எழுதினேன். தட்டச்சுக்குப் போவதற்கு முன்னாலேயே விஷயம் தெரிந்து இன்ஸ்பெக்டர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். என்னைத் தேடி யாரும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“மேடம், ஒத்துப்போகுதுன்னு முடிச்சிடுங்க. அந்த வார்னிஷ் கதை எதுக்கு?”

“கதை இல்ல சார். ரேகை வார்னிஷுக்கு உள்ள இருக்கு.”

“உள்ள இருந்தா என்ன, மேல இருந்தா என்ன? அவன் விரல்தானே?”

“அவர் விரல்தான். ஆனா அவர் வார்னிஷ் அடிச்சப்ப வச்ச விரல்.”

“அதை அவன் வக்கீல் பாத்துக்குவான். நம்ம எதுக்கு அவனுக்கு வேலை பாக்கணும்? நம்ம ஒரே டிபார்ட்மென்ட் மேடம்.”

ஒரே டிபார்ட்மென்ட் என்பது உண்மை. சம்பளம் ஒரே கஜானாவிலிருந்து வருகிறது. ஆனால் பாதி உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதைக் கோர்ட்டில் நின்று சுமக்கப்போவது நான்தானே, அவர் இல்லையே. வரியை எடுக்கவில்லை. அவர் கோபத்தில் ஜீப் கதவைச் சாத்திய சத்தத்தில் எங்கள் காம்பவுண்டு வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தன.

வழக்கு காரைக்குடியில் நடந்தது. அதற்குள் ஆசாரி சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தார். கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆச்சி எனக்கு முன்னால் சாட்சி சொல்லி முடித்திருந்தார். தினம் துடைப்பதைப் பற்றி அவர் சொன்ன விதத்தில் எனக்கே வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் துடைக்க வேண்டும் போலிருந்தது.

அரசு வழக்கறிஞர் ஒரு இளைஞர். வராந்தாவிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்: “மேடம், கேட்டதுக்கு மட்டும் பதில். போதும்.” நான் சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவர் கேட்டது ஒன்றுதான். பீரோவில் இருந்த ரேகையும் எதிரியின், அதாவது ஆசாரியின், ரேகையும் ஒன்றா? ஒன்று. அவர் உட்கார்ந்துவிட்டார். தினம் துடைக்கிற பீரோ, அதில் ஆசாரியின் விரல். கணக்கு முடிந்தது.

எனக்குக் கவலையில்லை. ரிப்போர்ட்டின் நகல் ஆசாரியின் வக்கீலிடம் இருக்கிறது, இப்போது அந்த வரியைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வக்கீல் எழுந்தார். பெரிய மீசை, பெரிய குரல்.

“விரல்ரேகை என்பதே விஞ்ஞானம் இல்லை என்கிறேன். சரிதானே?”

“சரியில்லை.”

“நீங்கள் காவல் துறையில் சம்பளம் வாங்குவதால் காவல் துறைக்குச் சாதகமாகப் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்கிறேன். சரிதானே?”

“சரியில்லை.”

“அது எதிரியின் ரேகையே இல்லை என்கிறேன்.”

“அவருடையதுதான்.”

அவ்வளவுதான். அவரும் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. கட்சிக்காரரைக் காப்பாற்றும் ஒரே வரி அதில் இருக்கிறது. இவர் அதை விட்டுவிட்டு, அசைக்க முடியாத ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, வெற்றிபெற்றவர் மாதிரி மீசையைத் தடவிக்கொள்கிறார்.

வழக்கை விசாரித்த நடுவர் ஒரு பெண்மணி. ஜலதோஷத்தோடு இருந்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி, நான் போகலாம் என்று தலையசைத்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது. பசி. வெளியே இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில் சொல்லிவிட்டேன். ஆனால் என் சரியான பதில்களை எல்லாம் சேர்த்து ஒருவரை ஜெயிலுக்குக் கட்டிக் கொடுக்கப்போகிறார்கள். கூண்டின் கம்பியை விட்டுக் கை வர மறுத்தது.

“அம்மா, என் ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை,” என்றேன்.

முதலில் துள்ளி எழுந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆசாரியின் வக்கீல். “ஆட்சேபிக்கிறேன்! போலீஸ் சாட்சி எதிரிக்குப் பாதகமாகப் புதுசு புதுசாகச் சேர்க்கப் பார்க்கிறார்!”

நடுவர் அதற்குள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டார். “உட்காருங்க சார். உங்க கட்சிக்காரருக்குத்தான் பேசுறாங்க.” வக்கீல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அவசரமாகத் தன் நகலைத் தேட ஆரம்பித்தார்.

“இதை விளக்கிச் சொல்லுங்கள்,” என்றார் நடுவர் என்னிடம்.

“அம்மா, புதுசாகப் போட்ட சிமெண்ட் தரையில் நாய் நடந்தால் தடம் பதிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை தடவை கழுவிவிட்டாலும் போகாது. நாய் நடந்தது சிமெண்ட் ஈரமாக இருந்த அன்றைக்கு. இந்த ரேகையும் அப்படித்தான். வார்னிஷ் ஈரமாக இருந்தபோது பதிந்தது. களவு போன நாளில் பதிந்திருக்க வழியில்லை.”

தட்டச்சர் தலையைத் தூக்கி, “நாயையும் போடவா அம்மா?” என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. நடுவரும் சிரித்துவிட்டுத் தும்மினார். நாயும் பதிவானது.

பிறகு தீர்ப்பு வந்தது. அந்த ரேகையைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் இல்லாததால் ஆசாரி விடுதலை. வெள்ளியை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போகும்வரை எனக்கு ஜீப் அனுப்பவில்லை. களவு நடந்த வீடுகளுக்கெல்லாம் டவுன் பஸ்ஸில், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

அந்த ஆசாரியைக் கொஞ்ச நாள் கழித்துக் காரைக்குடிச் சந்தையில் பார்த்தேன். தக்காளிக் கூடைகளைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

“நல்லது செஞ்சீக, இல்லேங்கல,” என்றார். “ஆனா இப்படி மானத்த வாங்கிப்புட்டீகளே.”

“நான் என்ன செஞ்சேன்?”

“வார்னிஷ் காயிறதுக்கு முன்னாடி கை வச்சிட்டேன்னு கோர்ட்டுல, அத்தன சனத்துக்கு முன்னாடி சொல்லிட்டீக. பேப்பர்லயும் வந்துருச்சு. கீழச்சிவல்பட்டியில ஒரு வீட்டுல வேலைக்குப் போனா, ‘ஆசாரி, இந்த வாட்டியாச்சும் காய விட்டுக் கை வைங்க’ங்குறாக. களவாணின்னு சொன்னப்பகூட வேலைக்குக் கூப்பிட்டாக. இப்பத்தான் யோசிக்கிறாக.”

“அதச் சொல்லலேன்னா உள்ள போயிருப்பீகளே.”

“அதுக்கு, ‘இவுக திருடல’ன்னு ஒத்த வார்த்த சொல்லியிருக்கலாம்ல? முடிஞ்சு போச்சு.”

“அது எனக்குத் தெரியாதே,” என்றேன்.

அவர் முகம் மாறியது. “அப்ப உங்களுக்கு எம்மேல சந்தேகமா?”

“சந்தேகம் இல்ல. எனக்கு அந்த விரல் எப்பப் பட்டுச்சுன்னு மட்டுந்தான் தெரியும். நீங்க எடுத்தீகளா எடுக்கலையான்னு அந்தப் பீரோ என்கிட்டச் சொல்லல. தெரியாததச் சொன்னா, இன்னைக்கு உங்களுக்குச் சாதகமாச் சொல்லுவேன், நாளைக்கு இன்னொருத்தருக்குப் பாதகமாச் சொல்லுவேன்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “இம்புட்டுப் படிச்சும் வெட்டு ஒன்னு துண்டு ரெண்டா ஒரு பேச்சு வரமாட்டேங்குதே உங்களுக்கு,” என்றார். பிறகு கோபம் தணிந்து, “சரி, வாங்க. அங்குட்டு ஒரு கடையில டீ நல்லா இருக்கும், நான் வாங்கித் தாரேன்,” என்றார்.

அரசு மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு அப்போது இருந்தது. நான் மறுபடி சாட்சியாக நிற்க வேண்டி வரலாம். உங்கள் கையால் டீ வாங்கிக் குடிக்கக் கூடாது என்று சொன்னேன். அதற்கு அவருக்கு இன்னொரு தடவை கோபம் வந்தது. ஆனால் எனக்கும் டீ வேண்டியிருந்தது, அந்தப் பக்கம் நல்ல கடை வேறு இல்லை. ஆளுக்கு ஒரு ஓரமாக நின்று, அவரவர் காசில் குடித்தோம். டீ நன்றாகத்தான் இருந்தது.