மின்தடை நாளில் பிரபாகர்

மாதாந்திர மின்தடை நாளை எந்தப் பகுதியில் என்று போனில் பார்த்துவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போடுகிறார் பிரபாகர். மற்ற நாட்களில் பனியன் கம்பெனி வாட்ச்மேன் அவரை உள்ளே விடமாட்டார். கரண்ட் இல்லாத நாளில், ஜெனரேட்டர் வாங்காத சின்ன முதலாளிகள் புழுக்கம் தாங்காமல் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். அப்போது பேசிவிடலாம்.

பேசுவதுதான் பெரும்பாடு. ராயபுரம் பனியன் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவரை மற்றவர்கள்தான் அவரைக் கூப்பிட்டார்கள். லைசென்ஸ் வாங்கி, வேலையை விட்டு, சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்க இறங்கியபின் அவரே போய் நிற்க வேண்டியிருக்கிறது. "கரண்ட்டுக்கு நான் பயந்ததே இல்லீங்க. கேட்டுக்குத்தான் பயம்" என்கிறார். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுகிறார். கார்டை நீட்டுமுன் விரல்களைப் பேண்ட்டில் துடைத்துக்கொள்கிறார். "எந்த ஊரு? யாரு ஊட்டுப் பையன்?" என்று கேட்டால் போதும், பேச்சை மாற்றப் பார்ப்பார். ஊரைச் சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்பார்கள். பழைய கம்பெனியின் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

போன் அடித்தால் கனைத்துக்கொண்டு, "பிரபாகர் எலெக்ட்ரிகல்ஸ்" என்று எடுப்பார். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கும் குரல். மனைவி கீதாஞ்சலி ஒருநாள் அடுப்படியிலிருந்தே போனில் அழைத்தார். "ஏனுங்க, எங்கூட்டு மிக்ஸி ஓட மாட்டேங்குது. மொதக் கஸ்டமரா என்னைய வெச்சுக்கறீங்களா?" இவரும் சிரித்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் வீரபாண்டியில் சென்னியப்பன் என்கிற முதலாளி, கார்டை வாங்கியதும் உள்ளேயே கூட்டிப்போனார். ஊர் கேட்கவில்லை. அதிலேயே பிரபாகருக்குப் பாதி உயிர் வந்தது.

அயர்ன் டேபிள் லைனில் டிரிப் ஸ்விட்ச் அடிக்கடி விழுகிறதாம். "அதையக் கழட்டிப்போட்டு டைரக்டா குடுத்துரு கண்ணு. பல்லடம் ரோட்டுல புது யூனிட் கட்டறேன். ஒயரிங் பூராவும் உனக்கே."

பிரபாகர் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சுத் தூசி அப்பிக் கிடந்தது. எங்கோ கரண்ட் கசிகிறது. ஆளை அடிக்காமல் காப்பாற்றத்தான் ஸ்விட்ச் விழுகிறது. அயர்ன் டேபிளைச் சுற்றித் தரை ஈரம். இஸ்திரி போடுகிறவர்கள் வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்து கரண்ட்டுக்குக் காத்திருந்தார்கள். இந்த வேலையும் தவறினால் ராயபுரத்துக்கே திரும்பிப்போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

"கசிவு எங்கேன்னு கண்டுபுடிச்சுத் தர்றனுங்க. ஒரு நாள் மட்டும் லைனை நிறுத்தோணுங்க" என்றார்.

"நிறுத்தறதுக்கு நீ எதுக்கு? நாளைக்கு ஷிப்மெண்ட் போகோணும். ஆகாதுன்னா சொல்லு, எங்க டெய்லரே ஒயரை முறுக்கி உட்ருவான்."

அப்போது கரண்ட் வந்தது. விளக்குகள் எரிந்தன, அயர்ன் லைனின் ஸ்விட்ச் டப்பென்று விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

"தள்ளு, நானே பாத்துக்கறேன்" என்று சென்னியப்பன் கையை நீட்டினார்.

பிரபாகர் பெட்டியின் கதவைச் சாத்தினார். முதுகை அதன்மேல் அழுத்தி, தரையைப் பார்த்தபடி நின்றார்.