தேநீரில் ஏறிய கடல்

சென்ற சனிக்கிழமை கடலோர ஊரான நிலாவெளியில் உப்புத் தேநீர் குடித்தேன். சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் எண்ணினேன். விருந்துக்குப் போனவன் அதைச் சொல்லலாமா? மூன்றே மிடறில் குடித்து முடித்தேன்.

"தேத்தண்ணி எப்பிடி அண்ணை?" என்று கேட்டார் பூமணி. என் பழைய அலுவலக நண்பர் சிவராசாவின் மனைவி.

"நல்லாத்தான் இருக்கு."

"பாத்தியே!" என்று மனைவியைப் பார்த்துக் கதிரையில் துள்ளினார் சிவராசா. "உன்ர நாக்குத்தான் பழுது. கிணறு இல்லை."

பூமணியின் முகம் வாடிற்று. தெரியாமலே ஒரு வழக்கில் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

வழக்கு இதுதான். ஓய்வுபெற்ற சிவராசா வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கரில் கச்சான் போட்டிருக்கிறார். ஏட்டில் நிலக்கடலை, எங்கள் வாயில் கச்சான். மணல் நிலத்தில் ஊற்றிய நீர் நிற்பதில்லை. ஆகவே காலையும் மாலையும் மண்ணெண்ணெய்ப் பம்ப் கிணற்றை உறிஞ்சுகிறது. கடலோரக் கிணறுகளில் நன்னீரானது, பாலின்மேல் ஆடைபோல், உப்புநீரின்மேல் மெல்லிதாகப் படர்ந்திருக்கும். ஆடையை வழித்துக்கொண்டே இருந்தால் அடியில் இருப்பது மேலே வராதா?

ஐப்பசியில் அவர்களுடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். குடிப்பதற்கும் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கும் அந்த ஒரு கிணறுதான்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை."

"உவர்த்தது தங்கச்சி," என்றேன்.

சிவராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பம்பை நிப்பாட்டினா எல்லாம் கருகிப் போகும். வந்து பார் மச்சான், என்ர பயிரை!"

பார்த்தேன். முழங்கால் உயரம், கரும்பச்சை, யூரியா தந்த மினுக்கம். சமையல் குசினிக்குப் பின்னால் பூமணிக்கும் நான்கு பாத்திகள் இருந்தன. மாட்டெரு, வைக்கோல் மூடாக்கு, அரிசி கழுவிய நீர் — வேறொன்றும் இல்லை. செடிகள் குள்ளமாய், சற்றே வெளிறி நின்றன.

"உது பயிரே? பட்டினி கிடந்த கோழிக்குஞ்சு மாதிரி நிக்குது," என்று சிரித்தார் சிவராசா.

"புடுங்கிப் பாப்பமே?" என்றார் பூமணி.

ஆளுக்கு ஒரு செடி. சிவராசா தம் பயிரில் மிக உயரமானதைத் தேர்ந்து பிடுங்கினார். இலை இரு கைக்குள்ளும் அடங்கவில்லை. அடியிலோ ஐந்தாறு பிஞ்சுகள். பூமணியின் குள்ளச் செடி மண்ணோடு, குலைகுலையாகக் காய் தொங்க வந்தது. வேரெங்கும் கடுகளவு முடிச்சுகள்.

அந்த முடிச்சுகளே கச்சானின் உரத் தொழிற்சாலை. தழைச்சத்தைக் காற்றிலிருந்து அது தானாகவே எடுத்துக்கொள்ளும். நாம் அள்ளி ஊட்டினால் சோம்பிப்போய் இலையாகக் கொழுக்கும். தானே சமைத்து உண்ணும் செடிக்குக் கப்பலில் சோறு வரவழைக்கிறோம். பின்பு, கப்பலில் வந்த எண்ணெயை எரித்து அதற்குத் தண்ணீரும் காட்டுகிறோம். சிவராசா மட்டுமா...?

பூமணி கணவருடைய செடியில் இருந்த அந்த ஐந்தாறு பிஞ்சுகளையும் பக்குவமாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

சிவராசா கிணற்றடிக்குப் போனார். பம்பின் குழாயை வெளியே இழுத்து, ஈரம் சொட்டச் சொட்டச் சுருட்டினார்.

"வைக்கோல் மிச்சம் கிடக்கே?" என்று முகம் பாராமல் கேட்டார்.

"கேப்பீங்களெண்டு நாலு கட்டு எடுத்து வைச்சனான்."

"இவ்வளவுக்கும் வாளியால ஊத்த ஏலுமே?"

"ஒரு வாளியை நான் பிடிக்கிறன்."

பிறகு, தணிந்த குரலில் சிவராசா கேட்டார்: "பிள்ளை வாறதுக்குள்ள கிணறு தேறுமே?"

மழை வரவேண்டும், அதுவரை நாம் பொறுக்கவேண்டும்.

புறப்படுமுன் இன்னொரு கோப்பை தந்தார்கள். அதுவும் உவர்த்தது. இம்முறை அதைச் சொல்லிவிட்டே குடித்தேன்.

நிலாவெளிப் பக்கம் போகிறவர்கள் சற்று மெல்லப் பேசுங்கள் — அங்கே ஒரு கிணறு ஓய்வெடுக்கிறது.